குரல் சிகிச்சையின் முதல் சில வாரங்கள்: மூச்சு, ஸ்ட்ரா, ரீங்காரம், பேச்சு

குரல் கெட்டுப்போய் பயிற்சிக்கு வருபவர்கள் முதல் நாளில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். "ஆ என்று சொல்லுங்கள்" என்றதும் தோள் இரண்டும் மேலே ஏறும், மார்பு விரியும், கழுத்துத் தசைகள் புடைக்கும், அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். நிறைய மூச்சு இருந்தால் நிறையக் குரல் வரும் என்ற நம்பிக்கை எங்கிருந்தோ நம் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. குரல் சிகிச்சையில் முதல் வேலையே அதைக் கழற்றி வைப்பதுதான். எவ்வளவு மூச்சு இழுக்கிறோம் என்பது பெரிய விஷயமில்லை. இழுத்த மூச்சை எப்படி விடுகிறோம், விடும்போது தொண்டை சும்மா இருக்கிறதா என்பதுதான் விஷயம். கீழே வரும் பயிற்சிகள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் தொண்டையைச் சும்மா இருக்கப் பழக்குபவை.

இது ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு மாற்று அல்ல. சிகிச்சைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், அங்கே என்ன செய்யச் சொல்வார்கள், வீட்டில் எப்படிப் பழகுவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு பரிசோதனை

சளி, காய்ச்சலோடு வரும் தொண்டைக் கட்டு பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அதற்கு மேலும் கம்மலோ கரகரப்போ நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் குரல் நாண்களை நேரில் பார்த்தாக வேண்டும். அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நான்கு வாரத்தில் குரல் திரும்பாவிட்டால் குரல்வளையைப் பார்த்துவிடச் சொல்கிறது. சிலர் அந்த நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. புகைபிடிப்பவர்கள், இருமலில் ரத்தம் வருபவர்கள், விழுங்கும்போது வலியோ தடையோ உள்ளவர்கள், கழுத்தில் கட்டி தெரிபவர்கள், காரணமில்லாமல் எடை குறைபவர்கள், தைராய்டு, கழுத்து, நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போனவர்கள் உடனே போக வேண்டும். மூச்சு இழுக்கும்போதே சத்தம் வந்தாலோ, மூச்சுத் திணறல் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பரிசோதனையைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விடுவார்கள், அல்லது நாக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வழியாக ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பேசும்போது ஆண்களுக்கு நாண்கள் நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்கு இருநூறு முறை அளவிலும் அதிர்கின்றன. வெறும் கண்ணுக்கு இந்த வேகம் பிடிபடாது. அதனால் விட்டுவிட்டு மின்னும் விளக்கை வைத்து அதிர்வை மெதுவாகத் தெரியும்படி செய்வார்கள். அதற்கு ஸ்ட்ரோபோஸ்கோபி என்று பெயர். வசதி இருக்கும் இடமானால் இதையே கேட்டு வாங்குங்கள். சின்ன முடிச்சும் விறைப்பும் சாதாரண வெளிச்சத்தில் தப்பிவிடக்கூடும். இன்னொரு சேதி: தன் குரல் நாண்களைத் தானே பார்த்து, அதைப் பதிவு செய்து பெயர் பெற்றவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். மானுவெல் கார்சியா என்ற ஸ்பானிய ஆசிரியர் 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்து அதைச் செய்தார்.

நாண்களைப் பார்க்காமலேயே "அமிலம் மேலே வருகிறது" என்று மாத்திரை எழுதுவதையும், ஆன்டிபயாட்டிக் கொடுப்பதையும் அந்த 2018 வழிகாட்டுதல் வழக்கமாக்க வேண்டாம் என்கிறது. அப்படி ஒரு சீட்டு கையில் வந்தால், "நாண்களை ஒருமுறை பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ரிப்போர்ட்டில் என்ன பெயர் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி அதைப் பொறுத்து மாறும். நாண்களில் முடிச்சு, தசை இறுக்கத்தால் வரும் குரல் கோளாறு ஆகியவற்றுக்குப் பயிற்சியே முதல் மருந்து. பாலிப் (நாணில் வளரும் மென்மையான சதைத் திரட்சி) என்றால் பல நேரம் அறுவை சிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்து வரும். ஒரு பக்க நாண் செயலிழந்திருந்தால் பயிற்சி, ஊசி மூலம் நாணைத் தடிக்கச் செய்வது, அறுவை சிகிச்சை என்று படிகள் உண்டு. பேசும்போது குரல் வெட்டி வெட்டி நின்றுபோகும் ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்றால், பயிற்சி மட்டும் பெரும்பாலும் போதாது. நாண்களை இயக்கும் தசைக்குள் போட்டு அதைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசிதான் அதற்கு முக்கியச் சிகிச்சை. தெரிந்தவருக்கு எடுபட்ட பயிற்சி உங்களுக்கும் எடுபட வேண்டும் என்று இல்லை.

தொண்டைக்குள் நடப்பது

நுரையீரலிலிருந்து வரும் காற்று, லேசாக மூடியிருக்கும் இரண்டு நாண்களைத் தள்ளித் திறக்கிறது. அவை மீண்டும் ஒன்றுசேர்கின்றன. இந்த அதிர்வில் பிறக்கும் ஒலி மெல்லியது. தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகள் அதை வளர்த்து நம் குரலாக்குகின்றன. நாண்கள் சரியாகச் சேராதபோது காற்று வீணாகக் கசிகிறது, குரல் வலுவிழக்கிறது. உடனே கழுத்து, தாடை, நாக்கின் அடித்தசை எல்லாம் உதவிக்கு ஓடிவருகின்றன. ஒரு பாரத்தைத் தூக்க ஒருவர் போதும் என்ற இடத்தில் பத்துப் பேர் வந்து நெருக்கிக்கொண்டு நின்றால் என்ன ஆகும், அதுதான் தொண்டையிலும் ஆகிறது. முதலில் வந்த கோளாறு சளியாக இருக்கலாம், முடிச்சாக இருக்கலாம். அது போன பிறகும் கழுத்து விலகுவதில்லை. "சளி எப்போதோ சரியாகிவிட்டது, குரல் மட்டும் வரவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

தொடங்கும் நாளில் ஒரு பதிவு

போனில் ஒரு பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான அறை, போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், எப்போதும் ஒரே பத்தியை வாசிப்பது, அவ்வளவுதான். தினமும் கேட்டுக்கொண்டே இருந்தால் மாற்றம் தெரியாது, பதற்றம்தான் கூடும். வாரம் ஒருமுறை போதும்.

கூடவே இரண்டு அளவுகள். இறுக்கமில்லாமல் ஆழ்ந்த மூச்சு எடுத்து, வழக்கமாகப் பேசும் சுருதியில் "ஆ" என்று எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்று பாருங்கள். மூன்று முறை செய்து, அதிகமாக வந்ததைக் குறியுங்கள். நலமான பெரியவர்களுக்குப் பொதுவாக 15 முதல் 25 நொடி வரை வரும். பத்துக்குக் கீழே என்றால் காற்று கசிகிறது அல்லது மூச்சு பற்றவில்லை. எது என்று பிரித்துப் பார்க்க இன்னொரு சோதனை. "ஸ்..." என்று குரலில்லாமல் நீட்டுங்கள். அப்புறம் நாக்கை நகர்த்தாமல் குரலை மட்டும் சேர்த்து நீட்டுங்கள். தொண்டையில் கை வைத்தால் இப்போது அதிர்வு தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம் நின்றால் நாண்கள் ஓரளவு ஒழுங்காக மூடுகின்றன. குரலில்லாத "ஸ்" 20 நொடி நின்று, குரல் சேர்த்தது 14 நொடிக்கும் குறைவாக நின்றால், அதாவது முதலாவது இரண்டாவதைப் போல 1.4 மடங்குக்கு மேல் போனால், குறை நாண்களில் இருக்கலாம் என்று தெரபிஸ்ட்கள் சந்தேகிப்பார்கள். இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானிக்க வேண்டாம். எண்களை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மூச்சு: விடுவதிலிருந்து தொடங்குங்கள்

சும்மா இருக்கும்போது மூச்சை இழுக்கவும் விடவும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் எடுக்கிறோம், விடுவது கொஞ்சம் அதிகம். பேசும்போது இந்தக் கணக்கே மாறிவிடும். இழுப்பது சட்டென்று முடிந்து, மீதி நேரம் முழுக்க விடுவதாகவே இருக்கும். குரல் என்பதே வெளியேறும் மூச்சுதான். அதனால் பயிற்சியும் அங்கே இருக்க வேண்டும்.

முதலில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சின் மேல், ஒரு கை தொப்புளுக்குச் சற்று மேலே. எதையும் மாற்ற வேண்டாம், எந்தக் கை அசைகிறது என்று மட்டும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். படுத்திருக்கும்போது பெரும்பாலோருக்கு வயிற்றுக் கைதான் தானாக அசையும். உதரவிதானம் என்ற பெரிய தசை கீழே இறங்கும்போது வயிறு முன்னால் தள்ளப்படுகிறது. வயிற்றுக்குள் காற்று போவதில்லை. வயிற்றை வேண்டுமென்றே உப்பித் தள்ளவும் கூடாது.

இப்போது உதட்டைக் குவித்து "ஃபூ..." என்று மெதுவாக விடுங்கள். முடியும் இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். நீங்கள் இழுக்காமலேயே மூச்சு உள்ளே வரும். இந்தப் பயிற்சியின் உயிரே இந்த இடம்தான். மூச்சை எடுக்க வேண்டியதில்லை, வழிவிட்டால் போதும் என்று உடம்புக்கு ஒருமுறை புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தோள் தூக்குவது தானாகக் குறையும்.

நாலைந்து நாள் படுத்துப் பழகிய பிறகு நாற்காலிக்கு வாருங்கள், அப்புறம் நின்றுகொண்டு, அப்புறம் நடந்துகொண்டு. படுத்தபோது வந்தது உட்கார்ந்தால் வராமல் போவது சகஜம். நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றிக்கொண்டு பாருங்கள். அந்த நிலையில் தோளைத் தூக்குவது கடினம், மூச்சு தானாக இடுப்புப் பக்கம் போகும்.

அடுத்து "ஸ்..." சேருங்கள். ஒரே சீராக, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு சத்தத்தோடு பத்து நொடி. நீளத்தைப் போட்டியாக்க வேண்டாம். கடைசிச் சொட்டுக் காற்றையும் பிழிந்தால் குரல்வளை இறுகிக்கொள்ளும். "ஸ்" சீராக வந்ததும் அதையே தாளத்தில் விடுங்கள்: மெதுவாக ஒன்று, அழுத்தமாக ஒன்று, அப்புறம் அழுத்தமாக இரண்டு. அழுத்தம் வயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையிலிருந்து அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்வென் ஸ்மித் உருவாக்கிய 'ஆக்சென்ட் முறை' இப்படித் தாளத்தை வைத்தே மூச்சையும் குரலையும் இணைப்பது. தாளம் பிடித்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். வேகமாகவும் ஆழமாகவும் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள் மூச்சை அடக்கும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். மூச்சுப் பயிற்சியிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். மூச்சு அடித்தளம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூச்சு சரியானதும் குரல் தானாக வந்துவிடும் என்று இல்லை. ஒரு வாரத்துக்குள் அதில் ஒலியைச் சேர்த்துவிட வேண்டும்.

ஸ்ட்ராவும் அரை டம்ளர் தண்ணீரும்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. மலிவானது, எங்கேயும் செய்யலாம், தவறாகச் செய்தால் உடனே தெரிந்துவிடும். குழாய்க்குள் குரல் கொடுக்கும் முறை பழையது. பின்லாந்தில் அன்டி சோவியார்வி என்பவர் 1960களிலேயே கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் வைத்துப் பயிற்சி கொடுத்தார். பிறகு அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே சாதாரண ஸ்ட்ராவைப் பிரபலமாக்கினார். காரணம் எளிது. வாயின் வெளிவாசல் குறுகும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் நாண்களுக்கு மேலிருந்து திரும்ப வந்து, அவை ஒன்றோடொன்று பலமாக மோதாமல் பார்த்துக்கொள்கிறது. குறைந்த முயற்சியில் அதிர்வு கிடைக்கிறது.

டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் எடுங்கள். குளிர்பானம் குடிக்கும் சாதாரண ஸ்ட்ரா போதும், அதன் முனை தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். டம்ளரை வாய்க்கு உயர்த்துங்கள், வாயை டம்ளருக்குக் கொண்டுபோக வேண்டாம். குனிந்தால் கழுத்து மடிந்துவிடும்.

முதலில் குரல் இல்லாமல் ஊதுங்கள். குமிழிகள் ஒரே சீராக, சின்னதாக வர வேண்டும். தண்ணீர் டம்ளருக்கு வெளியே தெறித்தால் பலமாக ஊதுகிறீர்கள். நின்று நின்று வந்தால் மூச்சு தடுமாறுகிறது.

சரி, இப்போது ஊதிக்கொண்டே "ஊ" என்ற ஒலியைச் சேருங்கள். குமிழி நிற்கக் கூடாது. ஒலி வந்ததும் குமிழி நின்றுபோனால் தொண்டை மூடிக்கொள்கிறது என்று பொருள். குமிழி வருகிறது, ஒலி வரவில்லை என்றால் நாண்கள் சேரவில்லை. இரண்டும் சேர்ந்து வரும்போது கன்னமும் உதடும் லேசாகக் குறுகுறுக்கும், ஸ்ட்ராவைப் பிடித்திருக்கும் விரலிலும் அதிர்வு தெரியும். தொண்டையில் எதுவுமே தெரியாது. எதுவும் தெரியாததுதான் சரியான அடையாளம்.

ஒரு சோதனை: இடையில் மூக்கைப் பொத்துங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. உதட்டின் ஓரத்தில் காற்று போகிறதா என்றும் பாருங்கள். காற்று முழுவதும் குழல் வழியாகத்தான் போக வேண்டும்.

சீராக வந்த பிறகு சுருதியை மெல்ல மேலே கொண்டுபோய்க் கீழே இறக்குங்கள். குரல் உடையும் இடம் ஒன்று இருக்கும். அங்கே பலம் கொடுத்துத் தாண்டாமல், மெல்லிய சத்தத்தில் திரும்பத் திரும்பக் கடந்து போங்கள். அதற்கடுத்து, தெரிந்த பாட்டு ஒன்றின் மெட்டை ஸ்ட்ராவுக்குள் பாடுங்கள். அப்புறம் ஒரு பத்தியை ஸ்ட்ராவுக்குள்ளேயே 'வாசியுங்கள்'. சொற்கள் யாருக்கும் புரியாது, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். அருகில் யாராவது இருந்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பலர் விட்டுவிடும் படி இனிமேல்தான். ஸ்ட்ராவை எடுத்த உடனே, அதே சுகத்தோடு ஒரு வாக்கியம் பேசுங்கள். "இன்றைக்கு மழை வரும் போல" என்று ஏதாவது. பிறகு மறுபடி ஸ்ட்ரா, மறுபடி வாக்கியம். இப்படி மாறி மாறிச் செய்யாவிட்டால் ஸ்ட்ராவில் மட்டும் நல்ல குரலும் பேச்சில் பழைய குரலுமாக நின்றுவிடும்.

ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு ஐந்தாறு முறை. காலையில் ஒரேயடியாக அரைமணி நேரம் செய்வதைவிட இது மேல். நாண்களின் பழக்கத்தை மாற்றுகிறோம், அவற்றைத் தேய்த்துப் பலமாக்கவில்லை. ஸ்ட்ராவை எவ்வளவு ஆழத்தில் வைப்பது, எந்த அகலம் என்பதைத் தெரபிஸ்ட் கோளாறைப் பார்த்து மாற்றுவார். ஆழம் கூடினால் எதிர்ப்பும் கூடும், எல்லோருக்கும் அது ஒத்துவராது. ஸ்ட்ரா கையில் இல்லாத இடத்தில் உதட்டைத் தளர்த்தி "ப்ர்ர்ர்" என்று அதிரவிடுவதும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்.

ரீங்காரத்திலிருந்து சொல்லுக்கு

உதட்டை மூடி, பல்லுக்கும் பல்லுக்கும் இடையே சின்ன இடைவெளி விட்டு, "ம்ம்ம்" என்று ஒலியுங்கள். "அப்படியா?" என்று ஆமோதிக்கும்போது வாயைத் திறக்காமலே "ம்ம்" என்போமே, அதே சுருதி, அதே சோம்பல். உதட்டிலும் மூக்கின் பக்கங்களிலும் கூச்சம் போன்ற அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தாடையைத் தளர்த்துங்கள், சுருதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். அதிர்வை முகத்தின் முன்பக்கத்தில் உணர்ந்து, குறைந்த முயற்சியில் ஒலிப்பதுதான் 'ரெசனன்ட் வாய்ஸ்' சிகிச்சையின் மையம். நாண்கள் லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நிலையில் இப்படி ஒலி வருகிறது. அது அவற்றுக்கு மிகக் குறைந்த அடி.

தமிழில் இந்தப் பயிற்சிக்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. மெல்லின எழுத்துகள் நிறைந்த சொற்களாக எடுத்துக்கொள்ளுங்கள்: மாமா, நானும், மணம், மௌனம், நிமிடம். முதலில் ஒரே சுருதியில் இழுத்து, "மாஆமாஆ", பிறகு மெல்லச் சாதாரணப் பேச்சுக்கு. அடுத்து வாக்கியங்கள்: "நாங்கள் நாளை மாலை வருவோம்", "மணி என்ன?", "நான்தான் மாமா". இவை பழகிய பிறகுதான் வல்லினம் நிறைந்த "தட்டப்பட்ட கதவு" போன்றவற்றுக்கு வர வேண்டும். வல்லினத்தில் காற்று அடைபட்டு வெடிப்பதால் பழைய இறுக்கம் அங்கேதான் திரும்பி வரும்.

உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. "அம்மா", "ஆமாம்" என்று சொல்லும்போது தொண்டையை மூடிக்கொண்டு ஒரு சொடுக்கோடு தொடங்குகிறோமா என்று கேட்டுப் பாருங்கள். கோபமாகவோ அவசரமாகவோ "ஆமாம்!" என்றால் அந்தச் சொடுக்கு நன்றாகக் கேட்கும். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை நாண்கள் இப்படி அறைபடுகின்றன. மாற்று எளிது. மூச்சு கொஞ்சம் முன்னால், குரல் கொஞ்சம் பின்னால். மெல்லிய "ஹ்" ஒன்றை முன்னே விட்டு "ஹ்அம்மா" என்று பழகி, அந்த "ஹ்"ஐக் காதுக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இ, எ, உ, ஒ எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் பேச்சுத் தமிழே நமக்கு உதவுகிறது. இலையை "யெல" போலவும், ஒன்றை "வொண்ணு" போலவும் வழுக்கிக்கொண்டுதான் பலர் சொல்கிறோம், சொடுக்கு விழாது. அதனால் அ, ஆ இரண்டிலும் அதிக நேரம் செலவழியுங்கள்.

வேறு முறைகள், சுருக்கமாக

அமெரிக்கக் குரல் சிகிச்சையாளர் ஜோசப் ஸ்டெம்பிள் வகுத்த 'வோக்கல் ஃபங்க்ஷன்' பயிற்சிகள் நான்கு: ஒரே சுருதியில் நீட்டுவது, கீழிருந்து மேலே சறுக்குவது, மேலிருந்து கீழே சறுக்குவது, வரிசையான ஐந்து சுருதிகளில் தனித்தனியே நீட்டுவது. ஒவ்வொன்றும் இரண்டு முறை, நாளுக்கு இரண்டு வேளை, எவ்வளவு மென்மையாக முடியுமோ அவ்வளவு மென்மையாக. வயதானதால் குரல் மெலிந்தவர்களுக்கும் குரலை அதிகம் பயன்படுத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதைக் கொடுப்பது வழக்கம்.

பார்க்கின்சன் நோயில் கதையே வேறு. அங்கே குரல் சன்னமாகிவிடும், பேசுபவருக்கோ தான் சரியான சத்தத்தில் பேசுவதாகவே தோன்றும். அதனால் எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற முறையில் சத்தமாகப் பேசவே பழக்குவார்கள்: வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நான்கு வாரம். முடிச்சு உள்ளவர் இதைப் பார்த்துச் செய்தால் கெடுதல்தான்.

குரல்வளையைச் சுற்றி விரலால் நீவிவிடுவது இறுக்கம் உள்ளவர்களுக்கு நல்ல பலன் தரும், சில நேரம் அந்த அமர்விலேயே குரல் திரும்பும். ஆனால் கழுத்தில் முக்கிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஒருவர் காட்டிக்கொடுக்காமல் நீங்களாக அழுத்த வேண்டாம்.

மூச்சு இழுக்கும்போது நாண்கள் விலகுவதற்குப் பதில் மூடிக்கொள்ளும் ஒரு கோளாறும் உண்டு. அதை ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரோடு வருடக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சொல்லித்தரும் அவசர மூச்சு: மூக்கால் முகர்வது போலக் குட்டி குட்டியாக இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விடுவது. முகரும்போது நாண்கள் விலகும். பரிசோதனையில் இதுதான் என்று உறுதியானவர்கள் மட்டும் இதை நம்பலாம். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை விட்டுவிட்டு முகர்ந்துகொண்டிருக்கக் கூடாது.

நாள் முழுக்கப் பேசும் பேச்சு

பயிற்சிக்குச் செலவழிப்பது நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம். பேசுவதோ பல மணி நேரம். அதனால் சிகிச்சை ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். எல்லாப் பேச்சையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் பேசவே தோன்றாது. ஒரு இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். போனை எடுத்ததும் சொல்லும் "ஹலோ" நல்ல தொடக்கம். ஒரு வாரத்துக்கு அந்த ஒரு சொல் மட்டும் நிதானமான மூச்சில், முகத்தின் முன்பக்க அதிர்வோடு. அடுத்த வாரம் போனில் முதல் ஒரு நிமிடம். அப்புறம் வீட்டாரோடு, அப்புறம் வேலையிடத்தில், கடைசியாகச் சத்தமுள்ள இடத்தில். சத்தத்துக்கு நடுவே நம்மை அறியாமல் குரல் உயரும், அது மனித இயல்பு. அங்கே குரலை உயர்த்தாமல் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். வகுப்பெடுப்பவர்கள் சின்ன மைக் வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு எடுக்கப் பழகுங்கள். ஒரே மூச்சில் பத்துச் சொல் சொல்லி, கடைசி மூன்றைத் தொண்டையால் பிழிந்து முடிப்பவர்கள் ஏராளம். தமிழில் வினை கடைசியில் வருவதால் முக்கியமான சொல்லே அந்தப் பிழிதலில் மாட்டுகிறது. ஆறேழு சொல்லுக்கு ஒரு மூச்சு போதும்.

தொண்டையைச் செருமுவதை நிறுத்துங்கள். செருமும்போது நாண்கள் பலமாக மோதுகின்றன, வீங்குகின்றன, வீக்கம் சளி ஒட்டியது போல உணர்வைத் தருகிறது, மறுபடி செருமத் தோன்றுகிறது. செருமல் வரும்போது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். அதுவும் போதாவிட்டால் சத்தமில்லாமல் காற்றை மட்டும் "ஹ்" என்று தள்ளிவிட்டு விழுங்குங்கள்.

கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைப்பதும் பரவலான எண்ணம். பலர் கிசுகிசுக்கும்போது தொண்டையை இன்னும் நெருக்குகிறார்கள். பேச வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் பேசாமல் இருங்கள். பேசலாம் என்றால் மெல்லிய சாதாரணக் குரலில் பேசுங்கள்.

தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ஆனால் குடிக்கும் தண்ணீர் நாண்களைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய்க்குப் போகிறது. உடம்பு முழுக்க ஈரம் இருந்தால்தான் நாண்களின் மேலுள்ள சளிப்படலமும் இளகி இருக்கும். அதனால் பேசுவதற்கு முன் ஒரு லிட்டரை மடமடவென்று குடித்துப் பயனில்லை. நேரடியாக ஈரம் வேண்டும் என்றால் ஆவி பிடிக்கலாம், மருந்து எதுவும் கலக்காமல். ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அந்த மருந்தாலேயே குரல் கம்முவதும், பூஞ்சைத் தொற்று வருவதும் உண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். புகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புகைத்துக்கொண்டே பயிற்சி செய்வது நேரத்துக்குக் கேடு.

எத்தனை வாரம்?

தெரபிஸ்ட்டோடு ஆறிலிருந்து எட்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. நடுவில் வீட்டுப் பயிற்சி தினமும். முதலில் மாறுவது பெரும்பாலும் குரலின் தரம் அல்ல, சோர்வு. மாலையில் தொண்டை வலிக்காமல் இருப்பது, போன் பேசிய பிறகு களைக்காமல் இருப்பது போன்றவை முதலில் தெரியும். கரகரப்பு குறைவது அதற்குப் பிறகு. பயிற்சியின்போது தொண்டை வலித்தாலோ, முடிந்த பிறகு குரல் முன்பைவிடக் கம்மினாலோ செய்முறையில் ஏதோ பிசகு. அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த அமர்வில் செய்து காட்டுங்கள். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் பதிவில் எந்த மாற்றமும் கேட்கவில்லை என்றால் இன்னும் நாலு வாரம் என்று இழுக்காமல் நாண்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இடையில் சளி பிடித்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். நாண்கள் வீங்கியிருக்கும் அந்த நாலைந்து நாளும் சுருதியை ஏற்றி இறக்கும் பயிற்சிகளையும் நீட்டும் பயிற்சிகளையும் விட்டுவிடுங்கள். படுத்துச் செய்யும் மூச்சுப் பயிற்சியும், சுகமாக வந்தால் ஒரே சுருதியில் மெல்லிய ஸ்ட்ரா ஒலியும் போதும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்ப் பேச வேண்டாம். வலி தெரியாததால் தேவைக்கு மேல் பேசிவிடுவீர்கள். குரல் திரும்பியதும் விட்ட படியிலிருந்து தொடங்காமல் அதற்கு முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள்.